செய்தி கேட்கிறது, படம் கேட்கவில்லை

சனிக்கிழமை, பிற்பகல் மூன்று மணி பத்து நிமிடம். புனேயை அடுத்த சிஞ்ச்வட்டில் ஒரு ஹவுசிங் சொசைட்டியின் நான்காவது மாடி. கதவு திறந்ததும் நான் முதலில் பார்த்தது ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. பச்சை நிறம், கை வைத்தது. உட்கார்ந்து கையை நீட்டினால் டிவி திரையைத் தொட்டுவிடலாம், அவ்வளவு அருகில் போட்டிருந்தது. அதன் முதுகில் ஒரு துண்டு தொங்கியது. ஹாலின் எதிர்ச்சுவர் ஓரமாக மூன்று பேர் உட்காரும் சோபா. மற்றவர்கள் சோபாவிலும் ஒருவர் மட்டும் அந்த நாற்காலியிலும் உட்கார்ந்து படம் பார்க்கும் வீடு என்று பார்த்தவுடனே தெரிந்தது.

நாற்காலியில் அப்போது யாரும் இல்லை.

இந்த வீட்டைப் பற்றி எழுதக் காரணம் ஸ்நேஹா. டிவி, ஆம்ப்ளிஃபயர், ஸ்பீக்கர் பழுது பார்க்கும் சர்வீஸ் சென்டர் ஒன்றில், புனே கேம்ப் பகுதியில், முப்பத்தோரு வருடம் வேலை பார்த்துவிட்டுப் போன வருடம் ஓய்வு பெற்றேன். அங்கே இப்போது தலைமையில் இருப்பவர் ஸ்நேஹா. வீட்டுக்குப் போகும் வேலை பாதியாகக் குறைந்துவிட்டது. வாடிக்கையாளர் போனில் ஒரு பட்டியலைத் திறந்து, "சத்தம் இல்லை", "சத்தம் குறைவு", "சத்தம் சிதறுகிறது" என்ற மூன்றில் ஒன்றைத் தொட வேண்டும். அதன்படி ஒரு பதில் தானாகப் போகும்.

"டேவிட் சார், எல்லாரும் 'சத்தம் குறைவு'தான் அழுத்துகிறார்கள். நாங்கள் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறோம். மறுநாள் அதே ஆள் அதே பொத்தானை அழுத்துகிறார்" என்றார் ஸ்நேஹா. படத்தில் இசை காதைப் பிளக்கிறது, பேச்சு மட்டும் கேட்கவில்லை என்ற புகார்தான் அதில் பெரும்பகுதி. நீங்கள் அந்தக் காலத்தில் என்ன செய்தீர்கள் என்று கேட்டார். நான் ஒழுங்காகச் செய்யாமல் விட்ட வீடு ஒன்று உண்டு, அதைச் சொல்கிறேன் என்றேன்.

என் பயிற்சியைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. ஐ.டி.ஐ.யில் ரேடியோ, டிவி மெக்கானிக் படிப்பு. பிறகு கேசட் டெக் இரண்டு வருடம், பெட்டி டிவி எட்டு வருடம். அப்புறம் ஹோம் தியேட்டர் வந்தது. சால்டரிங் பிடிக்க யார் வேண்டுமானாலும் கற்றுக்கொடுப்பார்கள். நான் உண்மையில் வேலை கற்றது எங்கள் சர்வீஸ் மேனேஜர் இனாம்தார் மேடத்திடம், அதுவும் ஒரு அட்டையை நிரப்புவதில்.

எங்கள் ஜாப் கார்டில் மூன்று கட்டங்கள் இருந்தன. வாடிக்கையாளர் சொன்னது. நான் கேட்டது. நான் செய்தது. முதல் கட்டத்தில் அவர் சொன்ன வார்த்தையை அப்படியே எழுத வேண்டும். "ஆடியோ ஃபால்ட்" என்று எழுதிக்கொண்டு போனால் மேடம் அட்டையைத் திருப்பித் தந்துவிடுவார். "இப்படிச் சொல்லியிருக்கமாட்டார்கள்" என்பார். அவ்வளவுதான். குரலை உயர்த்தி நான் கேட்டதில்லை. மூக்குக்கண்ணாடியை நெற்றியில் ஏற்றிவிட்டு, பென்சில் முனையை ஒவ்வொரு சொல்லின் கீழும் வைத்து, அட்டையைச் சத்தமாக வாசிப்பார். நாங்கள் நின்றுகொண்டிருந்தால் அவரும் எழுந்து நிற்பார். வாசித்து முடித்ததும் எல்லோரிடமும் ஒரே கேள்வி: "தூ குடே பஸ்லா ஹோதாஸ்?" நீ எங்கே உட்கார்ந்திருந்தாய்?

அதற்குக் காரணம் இருந்தது. ஒலிப் புகார் என்றால் அவர் வைத்த ஒழுங்கு இது: முதலில் புகார் சொன்னவரின் இடத்தில் உட்கார வேண்டும். ரிமோட்டை வாங்கக் கூடாது, கைகள் முழங்காலில் இருக்க வேண்டும். இரண்டு நிமிடம் கண்ணை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். பிறகுதான் எழுந்து பின்பக்க வயரைத் தொடலாம். தண்ணீர் கொடுத்தால் குடிக்கலாம். டீ, வேலை முடிந்த பிறகு. டீ குடித்தவன் அந்த வீட்டுக்காரர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுவான் என்பது அவர் கணக்கு.

இந்த அட்டையின் மதிப்பு எனக்குத் தெரிந்தது ஏரவாடாவில். பத்துக்குப் பத்து அறை, ஆட்டோ ஓட்டுபவர் ஒருவர், சுவரின் இரு மூலையிலும் இடுப்பு உயரத்துக்கு இரண்டு ஸ்பீக்கர். மனைவி, பிள்ளைகளைவிட ஸ்பீக்கர்கள் அதிக இடத்தை எடுத்துக்கொண்டிருந்தன. அவர் இந்தியில் சொன்னார்: "ஹீரோ கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறான். ஒரு ஸ்பீக்கரைத் தலையணையால் மூடினால் வெளியே வந்துவிடுகிறான்." நான் சிரித்தேன். ஆனாலும் விதி விதிதான், அப்படியே எழுதினேன். ஆம்ப்ளிஃபயரைக் கழற்றிப் போர்டை மாற்றிப் பொருத்தினேன். ஹீரோ கிணற்றைவிட்டு வரவில்லை.

மறுநாள் மேடம் தன் மேசையருகே நின்றபடி, அட்டையை வாசித்தே கண்டுபிடித்தார். இரண்டும் பேசும்போது குரல் போகிறது, ஒன்றை மூடினால் குரல் வருகிறது. அப்படியானால் ஒன்று சொல்வதை மற்றது அழிக்கிறது. ஒரு ஸ்பீக்கரின் வயர் மாறியிருக்கிறது. போய்ப் பார்த்தேன். ஒரே நிறத்தில் இரட்டை வயர், அழைப்புமணிக்குப் போடுவது. இடது ஸ்பீக்கரில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறியிருந்தன. ஒன்று முன்னால் தள்ளும்போது மற்றது பின்னால் இழுக்கும். இரண்டிலும் சமமாக வரும் குரல்தான் அதில் அதிகம் அடிபடும். மாற்றிப் போட ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஆட்டோக்காரர் தலையணையை எடுத்து உதறி மடித்துவைத்தார். "மேடம் வரவே இல்லையே, அவருக்கு எப்படிக் கேட்டது?" என்றார்.

இவ்வளவும் தெரிந்திருந்தும் சிஞ்ச்வட்டில் நான் பச்சை நாற்காலியில் உட்காரவில்லை.

கதவைத் திறந்தவன் மகன், கார்த்திக். ஹிஞ்சவடியில் மென்பொருள் வேலை. சனிக்கிழமை விடுமுறை என்பதால் அன்றைக்குப் பதிவு செய்திருந்தான். தங்கை நித்யா கல்லூரியில் படிப்பவள். அம்மா சரோஜா. அப்பா கந்தசாமி போசரியில், இரும்புத் தகட்டை அச்சில் வைத்து அடிக்கும் ஒரு பிரஸ் ஷாப்பில் சூப்பர்வைசர். கோயம்புத்தூரிலிருந்து இருபத்தாறு வருடங்களுக்கு முன் வந்தவர். அந்தப் பகுதித் தொழிற்சாலைகளுக்கு வியாழக்கிழமை விடுமுறை. சனிக்கிழமை முதல் ஷிப்ட் முடிந்து அவர் இன்னும் வீடு வந்து சேரவில்லை.

"அங்கிள், சிஸ்டம் ஏக்தம் டீக் இருக்கு. அப்பாவோட கான்தான் ப்ராப்ளம். நாங்க சொன்னா மான்தே நஹி. ஆப் போலோ நா அவர்கிட்ட" என்றான் கார்த்திக். பிள்ளைகள் இருவரும் புனேயில் வளர்ந்தவர்கள். அவர்கள் தமிழில் பாதி இந்தி. பெட்டியில் கோளாறில்லை, அப்பாவின் காதில்தான், நாங்கள் சொன்னால் கேட்பதில்லை, நீங்கள் சொல்லுங்கள் என்கிறான்.

நாற்காலி போட்டிருந்த இடம் எனக்கு அபத்தமாகத் தோன்றியது. அங்கே யார் உட்கார்ந்தாலும் கண்தான் கெடும். மென்பொருள் படித்த ஒரு பையன் முன்னால், ஐம்பது வயது ஆள், டிவிக்கு முன் கண்ணை மூடிக்கொண்டு உட்காரவும் கூச்சமாக இருந்தது. சோபாவில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவன் ஒரு தமிழ்ப் படத்தில் கோர்ட் காட்சியைப் போட்டான். வக்கீல் பேசினார், நீதிபதி பேசினார், சாட்சி அழுதார். எல்லாம் புரிந்தது. பேச்சு கொஞ்சம் உள்ளே இருந்தது, அவ்வளவே.

மூன்று நாற்பதுக்குக் கந்தசாமி வந்தார். நீலச் சட்டை, தோளில் டிபன் பை. என்னைப் பார்த்துத் தலையசைத்துவிட்டு நேராகப் போய்ப் பச்சை நாற்காலியில் உட்கார்ந்தார். துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். என்ன கேட்கவில்லை என்று கேட்டேன்.

"செய்தி கேக்குதுங்க. பாட்டுக் கேக்குதுங்க. படத்துல பேசறதுதானுங்க கேக்கறதில்ல."

மேடம் தமிழ் வாசிக்கமாட்டார் என்பதால் இந்தியில் எழுதினேன், வார்த்தைக்கு வார்த்தை. இரண்டாவது கட்டத்தில்: "ஒலி சரி. பேச்சு தெளிவு." மூன்றாவதில்: "காது பரிசோதனைக்கு ஆலோசனை." இருபத்தாறு வருடமாகப் பிரஸ் அடிக்கும் இடத்தில் நிற்பவருக்குக் காது மந்தமாவது எனக்குப் புதிய செய்தி இல்லை.

கார்த்திக் என் தோளுக்கு மேலாக அட்டையை வாசித்தான். "தேக்கா அப்பா, பாத்தீங்களா? கம்பெனி ஆளே எழுதிட்டார்."

கந்தசாமி துண்டை மடித்து நாற்காலியின் கையில் வைத்தார். எழுந்து உள்ளே போனார்.

லிஃப்ட் வரை சரோஜா கூட வந்தார். கதவைச் சாத்திவிட்டுத்தான் பேசினார்.

"அப்ப காதுதானுங்களா?"

பரிசோதித்துப் பார்ப்பது நல்லது என்றேன்.

அவர் சொன்னதன் சுருக்கம் இது. தொழிற்சாலையில் வருடம் ஒருமுறை எல்லோருக்கும் காது பரிசோதனை உண்டு. அடுத்த மாதம் வருகிறது. போன முறை குறைவு என்று வந்த இரண்டு பேரை வாசல் கேட்டுக்குக் காவலாக மாற்றிவிட்டார்கள். தான் வேலை கற்றுக்கொடுத்த பையன்கள் உள்ளே போகும்போது கேட்டில் நின்று பை சோதிக்கத் தன்னால் முடியாது என்று கந்தசாமி சொல்லிவிட்டார். பரிசோதனைக்கு முன்பே விருப்ப ஓய்வு கேட்டு ஒரு கடிதம், மகனிடம் சொல்லி ஆங்கிலத்தில் அடித்து வாங்கி, சாமி படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறார். இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

"உங்க ஆளு வந்து பாக்கட்டும், அப்பறம் போடறேன்னாருங்க. வியாழக்கெழம லீவு. வெள்ளிக்கெழம குடுத்துருவாருங்க" என்றார். லிஃப்ட் வந்தது. "பதனஞ்சு நாளா எங்ககூடப் படம் பாக்க வந்து உக்கார்றதே இல்லீங்க. நேத்துத்தான் அந்தச் சேர இழுத்துப் போட்டாரு."

கீழே வந்து ஸ்கூட்டரைக் கிளப்பினேன். ஒருவருடைய வேலை என் அட்டையைப் பார்த்து நிற்கிறது என்பது அப்போது தெரிந்தது. தெரிந்தும், எழுதியது சரிதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டுதான் சிஞ்ச்வட்டிலிருந்து கேம்ப் வரை வந்தேன்.

திங்கட்கிழமை காலை மேடம் அந்த அட்டையை வாசித்தார். பென்சில் முதல் கட்டத்தில் நின்றது. "செய்தி கேட்கிறது. பாட்டு கேட்கிறது. படத்தில் பேசுவது கேட்கவில்லை." மறுபடியும் ஒருமுறை, மெதுவாக. பிறகு மூன்றாவது கட்டத்துக்குப் போனார்.

"டேவிட், செய்தி வரும்போது இருந்துவிட்டு, படம் போட்டதும் எழுந்து போகிற காது ஒன்று உண்டா?"

பென்சில் இரண்டாவது கட்டத்துக்கு வந்தது.

"தூ குடே பஸ்லா ஹோதாஸ்?"

"சோபாவில், மேடம்."

"சோபாவிலிருந்து யாராவது புகார் செய்தார்களா?"

இல்லை என்றேன். கடிதத்தைப் பற்றியும் சொன்னேன். அதைக் கேட்டுவிட்டு அவர் என்னைத் திட்டியிருக்கலாம், திட்டவில்லை. பழைய அட்டையைக் கிழிக்கவும் இல்லை. அதே எண்ணைப் போட்டு ஒரு புது அட்டை எழுதினார். செவ்வாயும் புதனும் எனக்கு லோனாவ்ளாவில் வேலை போட்டிருந்தது. "வியாழன் காலை முதல் வீடு இது. நாற்காலியில் உட்கார்ந்துவிட்டுப் பேசு" என்றார்.

வியாழக்கிழமை, காலை பத்து மணி. கார்த்திக் வேலைக்குப் போயிருந்தான். மற்ற மூவரும் இருந்தார்கள். என்னை மறுபடியும் பார்த்ததில் கந்தசாமிக்கு மகிழ்ச்சி இல்லை. "சொன்னதத்தானுங்க மறுபடியும் சொல்லப் போறீங்க" என்றார். உங்கள் நாற்காலியில் கொஞ்சம் உட்காரலாமா என்று கேட்டேன். துண்டை எடுத்துக்கொண்டு இடம் விட்டார்.

நித்யா அதே கோர்ட் காட்சியைப் போட்டாள். கைகளை முழங்காலில் வைத்துக் கண்ணை மூடினேன்.

ஃபேன் சுழலும் ஓசை கேட்டது. நாற்காலி நகர்ந்தது, தாள் புரண்டது, வெளியே காக்கை கத்தியது, பின்னணியில் வயலின் ஏறியது. வக்கீல் மட்டும் இல்லை. குளியலறைக் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே ஒருவர் பேசினால் எப்படி இருக்கும், அப்படி ஒரு முணுமுணுப்பு. பேசுகிறார் என்பது தெரிந்தது, என்ன பேசுகிறார் என்பது தெரியவில்லை. கண்ணைத் திறந்தேன். வக்கீல் பளிச்சென்று பேசினார். மூடினேன். போய்விட்டார். திறந்தேன். வந்துவிட்டார்.

காதுக்குக் கண்ணிமையோடு தொடர்பில்லை. மூன்றாவது முறை திறந்தபோது, முதலில் எதைப் பார்க்கிறேன் என்று கவனித்தேன். திரையின் அடியில் வெள்ளை எழுத்துகள். ஆங்கில சப்டைட்டில்.

பிள்ளைகளுக்குத் தமிழ் வேகமாகப் பேசினால் பிடிபடாது. தமிழ்ப் படம் என்றால் அந்த வீட்டில் எப்போதும் ஆங்கில எழுத்து ஓடிக்கொண்டிருக்கும். அதை அணைக்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றியதில்லை. சரோஜாவும் பிள்ளைகளின் பாடப் புத்தகத்தோடு கூடவே ஆங்கிலம் வாசிக்கப் பழகியவர். ஒரு வரி வாசித்துவிட்டால், முணுமுணுப்பில் மிச்சத்தை மனம் நிரப்பிக்கொள்ளும். கேட்டதாகவே நினைப்போம். சனிக்கிழமை சோபாவில் உட்கார்ந்து நானும் அதைத்தான் செய்தேன். அந்த ஹாலில் படத்தை வாசிக்காமல் கேட்க முயன்றவர் ஒரே ஒருவர். தொழிற்சாலை வரைபடத்தில் உள்ள ஆங்கிலத்தைத் தவிர வேறு ஆங்கிலத்தை வேகமாக வாசிக்க முடியாத கந்தசாமி.

நித்யாவை சப்டைட்டிலை அணைக்கச் சொன்னேன். வேறு காட்சி, அவள் பார்க்காதது. அரை நிமிடம் ஓடியது.

"என்ன சொன்னார்?" என்று கேட்டேன்.

"அங்கிள், வால்யூம் கூட்டுங்க நா. குச் பி கேக்கல."

"கண்ணு, உனக்கும் காது போச்சா?" என்றார் கந்தசாமி. அந்த வீட்டில் அவர் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் முறை. சரோஜா சமையலறை வாசலில் கரண்டியோடு நின்றார். "எனக்கும் கேக்கலீங்க" என்றார், ஏதோ குற்றத்தை ஒப்புக்கொள்வதுபோல.

பிறகு வயரைத் தொட்டேன். ஆம்ப்ளிஃபயர் ஐந்து ஸ்பீக்கர் போடக்கூடியது. இரண்டுதான் இணைத்திருந்தது, டிவியின் இருபுறமும். மற்றவை எங்கே என்றேன். பின்பக்கத்து இரண்டை முதலிலிருந்தே போடவில்லை, ஹாலில் இடம் இல்லை. நடு ஸ்பீக்கர் மட்டும் டிவிக்குக் கீழே கொஞ்ச நாள் இருந்தது. கணபதி வைக்க அந்த இடம் தேவைப்பட்டதால் எடுத்துப் பரணில் போட்டார்கள். சொசைட்டியில் எல்லா வீட்டிலும் வைக்கிறார்கள், பிள்ளைகள் கேட்டார்கள், ஐந்து நாள் வைத்தோம் என்றார் சரோஜா. பிள்ளையாரைக் கரைத்துவிட்டு வந்த பிறகு ஸ்பீக்கரை இறக்க யாருக்கும் நினைவில்லை. நான் ஏணி போட்டு இறக்கினேன். மேலே தண்ணீர் கசிந்து, உள்ளே இருக்கும் காகிதக் கோன் அப்பளம்போல உப்பியிருந்தது.

"இவருக்குக் கேக்காமப் போனது எப்ப இருந்துன்னு நெனப்பிருக்கா?" என்று கேட்டேன்.

சரோஜா யோசித்தார். "கணபதி முடிஞ்சு, அடுத்து வந்த ஞாயித்துக்கெழம போட்ட படத்துல இருந்துங்க."

ஆம்ப்ளிஃபயரின் மெனுவைத் திறந்தேன். "சென்டர்: உண்டு" என்று இருந்தது. சினிமாவில் பேச்சு பெரும்பாலும் நடு ஸ்பீக்கருக்கென்று தனியாகப் பதிந்திருக்கும். இசையும் சத்தங்களும் இருபுறமும் வரும். நடுவில் ஸ்பீக்கர் இருக்கிறது என்று நம்பிக்கொண்டு ஆம்ப்ளிஃபயர் பேச்சையெல்லாம் அந்தத் துளைக்கு அனுப்பிக்கொண்டிருந்தது. அந்தத் துளையில் வயரே இல்லை. பக்கத்து ஸ்பீக்கர்களில் வந்தது பேச்சின் எதிரொலிக் கசிவு மட்டும். செய்தியும் பாட்டும் இரண்டே தடத்தில் பதிந்து வருபவை. அவற்றுக்கு நடு ஸ்பீக்கர் வேண்டாம். அதனால் அவை ஒழுங்காகக் கேட்டன.

இதை வாயால் சொன்னால் நம்பமாட்டார் என்று டெஸ்ட் டோன் போட்டுக் காட்டினேன். ஒவ்வொரு ஸ்பீக்கராக 'ஷ்ஷ்' என்று ஒலிக்கும். இடது பக்கம் வந்தது. இரண்டு வினாடி ஒன்றும் இல்லை. வலது பக்கம் வந்தது. மறுபடியும் இடது, மௌனம், வலது.

கந்தசாமி அந்த மௌனத்தை மூன்று முறை கேட்டார். பிறகு சொன்னார்: "ஸ்ட்ரோக் விழுது. டையில ஷீட் இல்ல."

பிரஸ் இறங்குகிறது, அச்சில் தகடு இல்லை. அதைவிடச் சரியாக நான் யாருக்கும் விளக்கியதில்லை.

நடு ஸ்பீக்கர் இனி உதவாது. இருக்கும் இரண்டை வைத்தே சரி செய்தேன். "சென்டர்: இல்லை" என்று மாற்றினேன். இப்போது நடுவுக்கான பேச்சை ஆம்ப்ளிஃபயர் இருபுறமும் சமமாகப் பிரித்துக்கொடுக்கும், நடுவிலிருந்து வருவதுபோலக் கேட்கும். படம் வரும் சிறு பெட்டியில் ஒலியை ஸ்டீரியோ என்று வைத்தேன். கார்த்திக் போட்டிருந்த "சினிமா ஹால்" எஃபெக்டை எடுத்தேன். அது எல்லாவற்றுக்கும் எதிரொலி சேர்த்துக் குரலை நனைத்துவிடும். பெரிய சத்தத்தைக் குறைத்துச் சிறிய சத்தத்தைத் தூக்கும் ஒரு வசதி மெனுவின் அடியில் இருந்தது, அதைப் போட்டேன். இரண்டு ஸ்பீக்கரும் மூலையில் சுவரோடு ஒட்டியிருந்தன. ஒரு சாண் முன்னால் இழுத்து, சோபாவின் நடுவைப் பார்க்கும்படி லேசாகத் திருப்பினேன். வயரின் பிளஸ், மைனஸ் பார்த்தேன். ஏரவாடாவுக்குப் பிறகு அதைப் பார்க்காமல் நான் எந்த வீட்டையும் விட்டு வந்ததில்லை.

சப்டைட்டில் இல்லாமல் கோர்ட் காட்சியை மறுபடியும் போட்டோம். பச்சை நாற்காலியை எடுக்கச் சொல்லி, கந்தசாமியை சோபாவின் நடுவில் உட்காரவைத்தேன். கண்ணை மூடிக்கொள்ளச் சொன்னேன். மூடிக்கொண்டு, வக்கீல் சொன்னதை ஒரு வரி தள்ளி அவரும் சொல்லிக்கொண்டே வந்தார். முழு வாக்கியங்கள். ஓரிடத்தில் நிறுத்தி, "இந்த ஆளு பொய் சொல்றானுங்க" என்றார்.

நித்யா சொன்னாள்: "அப்பா, எனக்குக் கொஞ்சம்தான் சமஜ் ஆச்சு, முழுசா புரியல. சப்டைட்டில் போடட்டா?"

"போடு கண்ணு. எனக்கு அது தொந்தரவில்ல."

பிறகு என் பக்கம் திரும்பினார். "அப்ப என்ற காதுல ஒன்னும் இல்லீங்களா?"

இந்த இடத்தில் ஆம் என்று சொல்வது எளிது. சனிக்கிழமை அப்படித்தான் எனக்குத் தெரியாத ஒன்றைத் தெரிந்ததுபோல எழுதினேன். "அது எனக்குத் தெரியாதுண்ணே. காது பாக்குற ஆள் நான் இல்ல. போன வாரம் எழுதுனது தப்பு. குத்தம் பெட்டில இருந்துச்சு, கண்டுபிடிச்சாச்சு. காதுக்கு டெஸ்ட் வருது இல்லையா, அதுல போய் உக்காருங்க. அவங்க சொல்லட்டும்" என்றேன்.

சரோஜா டீ கொண்டுவந்தார். வேலை முடிந்துவிட்டது, குடித்தேன்.

கிளம்பும் முன், என்னென்ன மாற்றினேன் என்பதைப் படமாக வரைந்துகொடுக்க ஒரு தாள் கேட்டேன். பையன் மறுபடி மெனுவுக்குள் போனால் எல்லாம் பழையபடி ஆகிவிடும். நித்யா நோட்டு எடுக்க எழுந்தாள். கந்தசாமி அவளைக் கைகாட்டி நிறுத்திவிட்டு, சாமி படத்துக்குப் பின்னாலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து வந்தார். பிரித்தேன். ஆங்கிலத்தில் ஏழெட்டு வரி. கீழே பெயர் அச்சில் இருந்தது, அதற்கு மேல் கையெழுத்துக்கான இடம் காலி.

நான் அவர் முகத்தைப் பார்த்தேன்.

"வெள்ளையா இருக்கற பக்கத்துல வரைங்க" என்றார்.

வரைந்தேன். இரண்டு ஸ்பீக்கர், ஒரு டிவி, சோபா, நடுவில் ஒரு கோடு, மெனுவில் மாற்றக் கூடாத மூன்று இடங்கள். சரோஜா செலோடேப் கொண்டுவந்தார். ஆம்ப்ளிஃபயர் வைத்திருந்த அலமாரியின் கதவில், படம் வெளியே தெரியும்படி, நான்கு மூலையிலும் கந்தசாமியே ஒட்டினார்.

புது அட்டையில் இரண்டாவது கட்டத்தில் இப்படி எழுதினேன்: "கண்ணை மூடினால் பேச்சு இல்லை. திறந்தால் உண்டு. நான் வாசித்துக்கொண்டிருந்தேன்." மேடம் அதைச் சத்தமாக வாசிக்கவில்லை. இரண்டு அட்டைகளையும் சேர்த்துப் பின் அடித்து, வேலைக்கு வரும் புது ஆட்களுக்கு முதல் நாள் கொடுக்கும் கோப்பில் வைத்தார். என் பெயர் அதில் அப்படியே இருந்தது. நான் எடுக்கச் சொல்லவும் இல்லை.

ஒன்றரை மாதம் கழித்து சரோஜா சர்வீஸ் சென்டருக்குப் போன் செய்து என்னைக் கேட்டார். பரிசோதனைக்குப் போனாராம். வலது காதில், மேல் ஸ்தாயியில், கொஞ்சம் குறைவு. உள்ளேயே இருக்கலாம், காதுமூடி போடாமல் ஷாப்பில் நிற்கக் கூடாது என்று எழுதிக்கொடுத்திருக்கிறார்கள். "இத்தன வருசமா குடுத்த காதுமூடிய டிராயர்ல வெச்சிருந்தாருங்க. இப்பத்தான் போடறாரு" என்றார்.

இதையெல்லாம் போன மாதம் ஸ்நேஹாவிடம் சொன்னேன். அவர் கடைசியில், அந்தக் கோப்பு இன்னும் இருக்கிறது, நானும் முதல் நாளில் அந்த அட்டைகளை வாசித்திருக்கிறேன், ஆனால் மூன்று பொத்தான் பட்டியலைப் போட்டபோது அது ஞாபகம் வரவில்லை என்றார். பத்து நாள் கழித்து என் போனுக்குப் புதுப் பட்டியல் ஒன்றை அனுப்பினார், பார்த்துச் சொல்லுங்கள் என்று. மூன்று பொத்தானும் இருந்தன. அவற்றுக்கு மேலே ஒரு காலிக் கட்டம்: "உங்கள் வார்த்தையில் சொல்லுங்கள், எந்த மொழியிலும்." அதற்குக் கீழே இரண்டு கேள்விகள். எதைப் போட்டால் கேட்கிறது, எதைப் போட்டால் கேட்கவில்லை? சப்டைட்டிலை அணைத்துவிட்டுக் கேட்டீர்களா? முதல் வாரத்திலேயே பாதிப் புகார்கள் வீட்டுக்குப் போகாமல் போனிலேயே தீர்ந்தன என்றார். மீதிப் பாதிக்கு ஆள் போகிறார், நாற்காலியில் உட்காருகிறார்.

வேலையில் இருந்தபோதே கந்தசாமி வீட்டுக்கு நான் இன்னொரு முறை போனேன், அந்த வியாழக்கிழமைக்கு இரண்டு வருடம் கழித்து. புகார் வேறு, ரிமோட் வேலை செய்யவில்லை. அலமாரிக் கதவில் தாள் இருந்தது, ஓரம் பழுத்திருந்தது. டிவிக்கு முன்னால் இடம் காலியாக இருந்தது. நாற்காலியைத் தேடினேன். பால்கனியில் போட்டிருந்தார்கள். அதன் முதுகில் கம்பெனியின் நீலச் சட்டை காய்ந்துகொண்டிருந்தது.